கவிநிலாவின் கை

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எதற்கு அழுகிறோம் என்று காட்டத் தெரியாத பிள்ளைக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அபிநயா அவர்களைக் கும்பிட்டிருப்பாள். அவள் மகள் கவிநிலாவுக்கு ஆறு வயது. பேச்சு வரவில்லை. தாகம் எடுத்தாலும் தலையைச் சுவரில் முட்டுவாள், கரண்டு போய் ஃபேன் நின்றாலும் முட்டுவாள், கவுனின் கழுத்துப்பட்டி குத்தினாலும் முட்டுவாள். அபிநயா ஓடிப்போய் தண்ணீரை நீட்டி, பிஸ்கட்டை நீட்டி, கவுனைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். எது சரி என்று தெரிவதற்குள் பிள்ளையின் நெற்றி புடைத்துவிடும்.

வீடு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், வாசலைத் திறந்தால் கிரிவலப் பாதை. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, மேலே மொட்டைமாடி. மாடிக்காகவே பிடித்த வீடு அது. சுற்றியுள்ள கெஸ்ட் ஹவுஸ்களிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். வெள்ளைக்காரர்கள் உடம்பில் தேய்த்துக்கொண்ட எண்ணெய்க் கறை, வடநாட்டு யாத்ரிகர்களின் குங்குமக் கறை, கொசுவர்த்தி பொசுக்கிய ஓட்டை, எல்லாம் இருக்கும். சுடுதண்ணீரில் சோடா போட்டு ஊறவைத்து, கல்லில் கும்மி, மூன்று தண்ணீர் அலசி, கடைசித் தண்ணீரில் சொட்டு நீலம் விட வேண்டும். டபுள் விரிப்பைப் பிழிய இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஒரு முனை. அபிநயாவுக்கு இரண்டாவது ஆள் கிடையாது. ஒரு முனையை மாடிக் கம்பியில் கட்டிவிட்டு மறுமுனையைத் தனியாக முறுக்குவாள்.

கணவன் வல்லரசு ஆட்டோ ஓட்டுகிறான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைகிற நிலத்தை அக்கா பொன்னியும் அத்தானும் பார்த்துக்கொள்கிறார்கள். வல்லரசு நல்லவன்தான். ஆனால் மகள் தலையை முட்டுகிற சத்தத்தை அவனால் தாங்க முடியாது. அதனால் ஸ்டாண்டிலேயே சாப்பிட்டு, ஸ்டாண்டிலேயே தூங்கி, விளக்கு வைத்த பிறகு வருவான். காலையில் போகிறவனுக்கு அப்படி என்ன சவாரியோ என்று ஊரார் நினைத்தார்கள். அபிநயாவுக்குத் தெரியும், அவனிடம் கேட்கவில்லை.

தை மாதத்தில்தான் டவுனில் இருக்கும் ஒரு சென்டரைப் பற்றிக் கேள்விப்பட்டாள். அங்கே சினேகா என்று ஒரு பெண், படித்து முடித்து வந்தவள், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தாள். முதல் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கவிநிலா மூன்று தடவை முட்டினாள், அபிநயா மூன்று தடவையும் ஓடினாள்.

"அக்கா, அவ முட்டினதும் நீங்க ஓடிப் போய் குடுக்கிறீங்க இல்ல, அதுலருந்து அவ இன்னா கத்துக்கிறா?" என்று கேட்டாள் சினேகா.

"தெரியலையே மிஸ்."

"முட்டினா கிடைக்கும்னு கத்துக்கிறா. தப்பு அவ மேல இல்ல. எதைச் செஞ்ச உடனே நல்லது நடக்குதோ அதைத்தான் யாரும் மறுபடி செய்வாங்க. நீங்க, நானு, மலைமேல இருக்கிற கொரங்கு, எல்லாரும் அப்படித்தான். அவளுக்கு வேற ஒரு வழி காட்டணும். கையை நீட்டினா கிடைக்கும். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஆனா கஷ்டம்."

கஷ்டம் என்றால் எப்பேர்ப்பட்ட கஷ்டம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கவிநிலாவுக்குப் பொரி உருண்டை என்றால் உயிர். அதை அவள் கண்ணுக்கு எதிரே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் கை லேசாக அசைந்தால்கூட அந்த நிமிஷமே, ஒரு மூச்சு விடுவதற்குள், ஒரு துண்டு கொடுக்க வேண்டும். முட்டினால் கொடுக்கக் கூடாது. பெற்றவளுக்கு எல்லாம் தெரியும், இது வேண்டும் என்று தெரியும், இப்போதே வேண்டும் என்று தெரியும். தெரிந்தும் தெரியாதவள் போல நிற்க வேண்டும். அபிநயா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளையின் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவே தலையணையை வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே நின்றாள். அடுப்பில் சோறு தீய்ந்தது, மாடியில் விரிப்பு காய்ந்து விறைத்தது.

மாசி போய் பங்குனி வந்தது. ஒரு மத்தியானம், அபிநயா குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஏதோ நிற்பது போலிருந்தது. திரும்பினாள். கவிநிலா முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, உள்ளங்கையை மேலே காட்டி, கையை நீட்டிக்கொண்டு நின்றாள். யாரும் எதையும் எதிரே பிடித்துக் காட்டவில்லை. தானாகக் கேட்டாள். அபிநயா சொம்பை அந்தக் கையில் வைத்தாள். பாதித் தண்ணீர் கவுனில் கொட்டியது. அம்மா என்று கூப்பிட்டிருந்தால்கூட அவள் அப்படி மகிழ்ந்திருக்க மாட்டாள்.

அதற்குப் பிறகு சுவரில் முட்டுகிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் கை பேசியது. தண்ணீருக்குக் கை, சோற்றுக்குக் கை, ஃபேனைப் போடச் சொல்லி ஸ்விட்சுக்கு நேராகக் கை. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த வல்லரசின் முன்னால் போய் நின்று அவன் தட்டில் இருந்த முட்டைக்குக் கையை நீட்டினாள். அவன் முழு முட்டையையும் எடுத்துக் கொடுத்துவிட்டு வெறும் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டான். மறுநாள் மத்தியானம் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அதற்கு மறுநாளும் வந்தது. "சவாரி கம்மி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவான், சட்டைப் பையில் கடலை மிட்டாய் இருக்கும். பொரி உருண்டையைக் காட்டிப் பிள்ளையைப் பழக்கினார்கள். பிள்ளை கையைக் காட்டி அப்பனைப் பழக்கிவிட்டாள். அபிநயா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

வேறு ஊராக இருந்திருந்தால் கதை அதோடு சுபமாக முடிந்திருக்கும். நீட்டிய கையைப் பார்த்தால் மற்ற ஊர்களில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், இல்லையென்றால் விரட்டுவார்கள். திருவண்ணாமலையில் நீட்டிய கை வெறுங்கையாகத் திரும்பாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனம் வெள்ளமாக வந்து மலையைச் சுற்றும். பாதை நெடுக சாமியார்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கொடுத்துப் புண்ணியம் தேடவென்றே பைநிறைய வாழைப்பழமும் பிஸ்கட்டும் சில்லறையும் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், கொடுக்க ஒரு கை தேடிக்கொண்டே நடப்பார்கள்.

சித்திரைப் பௌர்ணமி அன்று வெயில் தலையைப் பிளந்தது. லாட்ஜ்களெல்லாம் நிரம்பி வழிந்ததால் விரிப்பு மூட்டை ஆளுயரத்துக்கு வந்திருந்தது. அபிநயா மாடியில் காயப்போட்டுக்கொண்டே கீழே எட்டிப் பார்த்தாள். கவிநிலா வாசற்படியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். ஓர் அம்மா வாழைப்பழம் வைத்தாள். நாலு பேர் ஒன்றும் வைக்காமல் போனார்கள். அடுத்தவர் பிஸ்கட் பாக்கெட் வைத்தார். பிறகு ஒருவர் காசு வைத்தார்.

அபிநயா ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். மாடிப்படியில் பாதி இறங்கவும் செய்தாள். ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். கவிநிலா தலையை நிமிர்த்தி, கொடுக்கிறவர்களின் முகத்தைப் பார்த்தாள். பெற்றவள் முகத்தையே சரியாகப் பார்க்காத பிள்ளை, வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தாள். ஒரு முகம் குனிந்து சிரித்தது, இவளும் சிரித்தாள். யாரும் வந்து போகாத அந்த வீட்டில் இந்த ஆறு வருஷத்தில் அவளைப் பார்த்து இத்தனை பேர் சிரித்ததில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று அபிநயா நினைத்தாள். கொஞ்ச நேரம் சாயங்காலம் வரைக்கும் போயிற்று.

அந்தக் கூட்டத்தில் எவனோ ஒருவன் வீடியோ எடுத்து, சோகப் பாட்டு ஒன்றைச் சேர்த்து, 'இந்தப் பிஞ்சுக்கு யாருமே இல்லையா' என்று எழுதி அனுப்பிவிட்டான். அது நாலு மாவட்டம் சுற்றிவிட்டு இரண்டாம் நாள் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் பொன்னி வந்து இறங்கினாள். தோளில் ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டை, அன்று காலையில் பிடுங்கியது, மண்கூட உதிரவில்லை. பையைக் கீழே வைக்கும்போதே அழுகை.

"ஏம்மா அபிநயா, நம்ம வூட்டுல இன்னாம்மா கொறச்சல்? மல்லாட்டை புடுங்க வர ஆளுங்களுக்கு மடி நெறைய அள்ளிப் போட்டு அனுப்புற வூடு. அந்த வூட்டுப் பொண்ணு ரோட்டுல ஒக்காந்துக்கினு கை நீட்டுது. எங்கிட்ட பால்காரன் காட்றான், 'யக்கா, இது உன் தம்பி பொண்ணு மாதிரி இல்ல கீது'ன்னு. நான் இன்னான்னு சொல்லட்டும்?"

"அண்ணி, அது பிச்சை இல்ல. அவ பேசுற பேச்சே அதான்."

"உனுக்குத் தெரியுது. எனுக்கும் தெரியுதுன்னு வெச்சிக்க. பாக்குறவனுக்குத் தெரியுமா? நாளைக்கு வயசுக்கு வந்து நிப்பா. அப்பவும் எவன் எதிர்க்க வந்தாலும் கைய நீட்டிக்கினு நிப்பாளா? எவன் இன்னா குடுப்பான், இன்னா கேப்பான்? அத யோசிச்சியா?"

பொன்னி கொடுமைக்காரி இல்லை, அவள் கேட்டதில் பொய்யும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கவிநிலா வந்து மல்லாட்டைப் பையின் முன்னால் நின்று கையை நீட்டினாள். பொன்னியின் கை தன்னால் பைக்குள் போய் ஒரு பிடி அள்ளிவிட்டது. காலம் பூராவும் கொடுத்துப் பழகிய கை. பாதி வழியில் அவளுக்கு நினைவு வந்தது. அள்ளியதைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கவிநிலா நீட்டிய கையோடு வெகுநேரம் நின்றாள்.

வல்லரசு அத்தனை நேரமும் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் பேசினான்.

"அடுத்த பௌர்ணமிக்குள்ள இது நிக்கணும் அபி."

"எப்படிங்க நிக்கும்? இப்பதான வந்துது."

"எப்படின்னு எனுக்குத் தெரியாது. பழக்கினவ நீ, நீயே நிப்பாட்டு. நிக்கலன்னா சாமான ஏத்திக்கினு ஊருக்குப் போயிடலாம். சென்டரும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். ஸ்டாண்டுல இன்னா கேக்கிறானுங்க தெரியுமா? 'வல்லரசு, உனுக்கு இன்னாப்பா, வூட்டுலயே உண்டியல் வெச்சிருக்க'ன்றானுங்க."

மறுநாள் சினேகாவிடம் போய்ச் சொன்னபோது அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நிப்பாட்டாதீங்கக்கா. வீட்டுல நீட்டினா கிடைக்கும், ரோட்டுல நீட்டினா கிடைக்காதுன்னு வித்தியாசம் பழக்கலாம். படம் போட்ட கார்டு குடுத்துக் கேக்கப் பழக்கலாம். ஆறு மாசமாவது ஆகும்."

"ஒரு மாசந்தான் மிஸ் இருக்குது."

"ஒரு மாசத்துல நடக்காது. ரோட்டுல நாலு பேர் குடுக்க மாட்டாங்க, அஞ்சாவது ஆள் குடுப்பாரு. எப்பவும் கிடைக்கிறது நின்னா சீக்கிரம் விட்டுடுவாங்க. எப்பவோ ஒரு தடவை கிடைக்கிறது இருக்கு பாருங்க, அது லேசுல விடாது. லாட்டரி வாங்குறவங்களக் கேட்டுப் பாருங்க. பிடிவாதமா நிப்பாட்டினா அந்தக் கையோட சேர்ந்து கேக்கிறதே நின்னுடும். அவருக்கு எடுத்துச் சொல்லுங்க. நானு வேணா வந்து சொல்லட்டுமா?"

"வாணாம் மிஸ். நான் பாத்துக்கிறேன்."

அவள் பார்த்துக்கொண்டது இப்படித்தான். ஊருக்குப் போனால் சென்டர் இல்லை, சினேகா இல்லை, தன் உழைப்பில் வருகிற நாலு காசும் இல்லை, பிள்ளைக்கு வேறு எதையும் கற்றுக்கொடுக்க வழியே இல்லை. இந்தக் கையை இப்போதைக்கு அடக்கிவிட்டால் பிறகு மெல்ல வேறொன்று பழக்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். அவளுக்கு அந்த வித்தை தெரிந்திருந்தது. கொடுத்தால் வளரும், கொடுக்காவிட்டால் வாடும். அரைகுறையாகச் செய்தால் கெட்டிப்படும் என்பதும் தெரிந்திருந்தது. ஆகவே முழுசாகச் செய்தாள்.

வாசற்கதவை மூடினாள். சோறும் தண்ணீரும் தானாகவே வேளைக்கு வைத்தாள். நடுவில் கை நீண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலில் பிள்ளை கையை இன்னும் அருகில் கொண்டுவந்து நீட்டினாள். பிறகு முகத்துக்கு எதிரே நீட்டினாள். புடவையைப் பிடித்து இழுத்து நீட்டினாள். கேட்பது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டு கையையும் நீட்டினாள். அபிநயா சுவரைப் பார்த்துக்கொண்டு துணி மடித்தாள். பழைய முட்டல் திரும்பி வந்தது, முன்பைவிட ஜாஸ்தியாக வந்தது. தலையணையைப் பிடித்துக்கொண்டு அதையும் பொறுத்தாள். ஒரே அறையில் இரண்டு பேர், ஆளுக்கொரு தீவில் இருந்தார்கள். வல்லரசு மறுபடி ஸ்டாண்டில் சாப்பிட ஆரம்பித்தான். கடலை மிட்டாய் வாங்குவது நின்றது. அபிநயாவுக்கு யாரிடமாவது போய், நான் செய்வது பாவமா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்க யாருமில்லை. வாசலுக்கு அந்தப் பக்கம் நமசிவாய சொல்லிக்கொண்டு ஊர் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் முட்டல் நின்றது. மறுநாள் கையும் எழவில்லை. அதற்கப்புறம் எழவேயில்லை.

கவிநிலா மூலையில் உட்கார்ந்து கவுனின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். வைத்தால் தின்றாள், வைக்காவிட்டால் இல்லை. வீடு அத்தனை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் அபிநயாவுக்கு வேலை மளமளவென்று நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாலு மூட்டை வாங்கினவள் ஆறு மூட்டை வாங்கினாள். சத்தம் போடாத பிள்ளை எவ்வளவு சௌகரியம் என்று அவள் உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. மனசுக்கு அது தெரியவில்லை.

வைகாசிப் பௌர்ணமிக்கு முந்தைய நாள். கத்திரி வெயில் கடைசியாக ஒரு ஆட்டம் ஆடியது. கரண்டு வேறு இல்லை. அபிநயா காலையிலிருந்து மாடியிலேயே கிடந்தாள், விரிப்புகள் போடப் போடக் காய்ந்தன, எடுத்து மடித்து அடுத்ததைப் போட்டாள். மத்தியானச் சோற்றுக்கு இறங்கவேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டாள். கீழே சத்தமில்லாததால் கவலையில்லை. வெயில் சாய்ந்து இறங்கி வந்து பார்த்தபோது பிள்ளை மூலையில் சுருண்டிருந்தாள். தொட்டால் தோசைக்கல். உதடு வெடித்திருந்தது. ஒரு கை தூரத்தில் தண்ணீர்க் குடம் இருந்தது. அவள் தானாக மொண்டு குடிக்கிற பிள்ளை இல்லை. கேட்டுக் குடிக்கிற பிள்ளையாக இருந்தாள்.

போன் வந்ததும் வல்லரசு ஆட்டோவை எப்படி ஓட்டிக்கொண்டு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. கிளினிக்கில் கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடி குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் வயசானவர், சாந்தமாகத்தான் கேட்டார்.

"உடம்புல தண்ணியே இல்லையேப்பா. கொழந்தை தண்ணி கேக்காதா?"

"பேச வராது சார்."

"பேச்சு வராட்டி போவுது. ஏதாவது சாடை காட்டிக் கேக்குமில்ல?"

வல்லரசு அபிநயாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"கேக்கும் சார்," என்றான். "கேட்டுக்கினுதான் சார் இருந்துது."

மறுநாள் பௌர்ணமி. சவாரி குவிகிற நாள், ஆட்டோவை எடுக்கவில்லை அவன். காய்ச்சல் இறங்கியிருந்தது. சாயங்காலம் வாசற்கதவைத் திறந்துபோட்டு, மகளைத் தூக்கிவந்து படியில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். எதிரே ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு போனது. ஒருவர் குனிந்து பிஸ்கட் நீட்டினார். கவிநிலா அவர் பக்கம் திரும்பவில்லை. போன் அடித்தது, பொன்னி.

"இன்னாடா தம்பி, நீட்டினாளா?"

"இல்லக்கா."

"அப்பாடா. அண்ணாமலையான் கண்ணத் தொறந்துட்டான்டா."

"அக்கா, போனை வை."

உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தான். இடது கையில் பிடித்து மகளின் கண்ணுக்கு எதிரே காட்டினான்.

"தண்ணிடா கண்ணு. கேளு. அப்பாகிட்ட கேளு."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். நாக்கு உதட்டைத் தடவியது. கை மடியில் கிடந்தது.

"பேசாதீங்க," என்றாள் அபிநயா, நிலைப்படிக்குள் நின்றபடி. "காட்டிட்டுச் சும்மா இருக்கணும்."

"எவ்ளோ நேரம்?"

"அவளா கேக்கிற வரைக்கும்."

அவன் இருந்தான். டம்ளரைக் கை மாற்றிப் பிடித்தான். "மறந்துட்டாளா அபி?"

"மறக்கலைங்க. கேட்டா கிடைக்காதுன்னு கத்துக்கிட்டா. நான்தான் கத்துக் குடுத்தேன்."

அவன் தண்ணீரைப் புகட்டிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு வலது முழங்கையை விலாவோடு ஒட்டி, உள்ளங்கையை மேலே காட்டி, அவள் நீட்டுவது போலவே கையை நீட்டினான். "இப்படிடா. இப்படித்தான நீட்டுவ? பாரு."

கூட்டத்திலிருந்து ஒரு பெண்மணி ஒதுங்கி வந்தாள். பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டே நடந்தாள். வல்லரசின் முகம் கறுத்தது. தூக்கி எறிந்துவிடப்போகிறான் என்று அபிநயா நினைத்தாள். அவன் பழத்தைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். பழத்தை உரித்து அவள் வாயருகே கொண்டுபோனான், அவள் கடித்தாள். அவன் மறுபடியும் கையை நீட்டினான்.

"கேட்டா குடுப்பாங்கடா கண்ணு. பாரு, அப்பாவுக்குக் குடுத்தாங்க பாரு."

அடுத்து வந்தவர் ஒரு பிஸ்கட் பாக்கெட் வைத்தார். அதற்கடுத்து ஒரு சின்னப் பெண் இரண்டு ரூபாய் வைத்தாள். அவன் மடக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அந்தக் கையை எடுக்கவில்லை. கவிநிலா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மடியிலேயே இருந்தது.